ரேடியோ கார் பந்தய மன்றம்: செலவு எங்கே ஏறுகிறது, புதியவர் ஏன் திரும்பி வருவதில்லை?

கடைசி ஹீட் எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் உள்ள ஒரு சிறிய ரேடியோ கார் மன்றத்தின் வரவு செலவு என் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு பள்ளி அரங்கை வாடகைக்கு எடுத்து, கம்பளச் சுருள்களை விரித்து ஒட்டி, மின்சாரக் கார்களை ஓட்டுகிறோம். நைட்ரோ எரிபொருளில் ஓடும் கார் கிடையாது, வெளி மைதானமும் கிடையாது.

அரங்க வாடகை இப்போது மணிக்கு 45 பவுண்டு. பந்தயம் மூன்று மணி நேரம். கம்பளம் விரிக்க ஒரு மணி, சுருட்ட அரை மணி. ஆக ஒரு மாலைக்கு 202 பவுண்டு 50 பென்ஸ். நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 8 பவுண்டு. நல்ல நாளில் 28 பேர் வருகிறார்கள். தொலைக்காட்சியில் கால்பந்து இருந்தால் 20 பேர். இருபது பேர் வரும் மாலையில் மன்றத்துக்கு நட்டம்தான். கட்டணத்தை 12 பவுண்டு ஆக்கிவிடலாம் என்று செயற்குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. புதியவர்கள் வராமல் இல்லை. வருகிறார்கள், சுவரோரம் நின்று பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் இதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். அந்தப் பக்கத்து ஆள் 13.5 டூரிங் என்ற எங்கள் வேகமான பிரிவில் ஓட்டுபவராக இருந்தால், சேஸிஸ் எனும் அடிச்சட்டம் மட்டுமே ஐந்நூறு பவுண்டுக்கு மேல் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். அடுத்த வாரம் அந்த முகத்தைக் காணோம்.

எங்களிடம் ஆறு பிரிவுகள்: 13.5 டூரிங், 17.5 டூரிங் (எண் மோட்டாரின் கம்பிச் சுற்றைக் குறிக்கும், எண் குறைந்தால் வேகம் கூடும்), டாமியா நிறுவனத்தின் மலிவுக் காரான டி.டி.02, டாமியா மினி, ஃபார்முலா ஒன் உருவத்தில் எஃப்1, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஜி.டி.12. ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேர். ஒவ்வொருவருக்கும் தன் பிரிவுதான் மன்றத்தின் உயிர்.

கட்டணத்தை ஏற்றாமல் தப்பிக்க வழி உண்டா? புதியவரை மூன்றாவது வாரமும் வரவைப்பது எப்படி?

---

பழைய கிராஸ்ஹாப்பர் எழுதியது:

நுழைவுக் கட்டணம் நான்கு பவுண்டு கூடியதால் இந்த விளையாட்டை விட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. டயரால் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒட்டித் தயாராக வரும் ரப்பர் டயர் ஒரு செட் ஏறக்குறைய 25 முதல் 30 பவுண்டு. புது டயருக்கும் இரண்டு மூன்று மாலை ஓடிய டயருக்கும் ஒரு சுற்றில் கால் நொடி வித்தியாசம் இருந்தால் போதும், முன்னால் ஓடுபவர் வாரம் ஒரு செட் மாற்றுவார். அவரைப் பிடிக்க இரண்டாமவர் மாற்றுவார். நடுவில் இருப்பவருக்கு 'நாம் ஓட்டுவதில் குறையா, பணத்தில் குறையா' என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வந்தவர் நிலைப்பதில்லை.

மருந்து பழையதுதான். மன்றம் ஒரே ஒரு டயரை அறிவிக்க வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு செட், உள்விளிம்பில் வண்ணப் பேனாவால் குறியிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் குறி இல்லாத டயர் தடத்தில் இறங்கக் கூடாது. பிடிப்புக்காகத் தடவும் திரவத்தையும் ஒரே வகை என்று வையுங்கள், முடிந்தால் முற்றாகவே விட்டுவிடுங்கள். பள்ளி அரங்கில் திங்கட்கிழமை காலை அந்த வாசனை இருந்தால் அரங்கமே போய்விடும்.

அடுத்தது மோட்டார். டி.டி.02 பெட்டியில் வரும், வெள்ளி நிற உறை கொண்ட 540 அளவு மோட்டார் மலிவு, உண்மை. ஆனால் எல்லாம் ஒரே வேகம் ஓடுவதில்லை. பத்து மோட்டார் வாங்கி, வேகமானதை வைத்துக்கொண்டு ஒன்பதை விற்றவர்கள் உண்டு. தண்ணீருக்குள் ஓடவிட்டு, உள்ளே மின்சாரம் கடத்தும் பிரஷ்ஷைப் பதிய வைப்பவர்கள் உண்டு. பதினைந்து பவுண்டு மோட்டாரைச் சுற்றி இவ்வளவு வித்தை! எனவே மோட்டாரை மன்றமே மொத்தமாக வாங்கி, இறுதிப் போட்டி நாளிலாவது குலுக்கிப் போட்டுக் கொடுக்கட்டும். டாமியா நடத்தும் போட்டிகளிலும் மோட்டாரை அங்கேயே கையில் கொடுத்து ஓட்டச் சொல்லும் வழக்கம் உண்டு.

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. 1984இல் டாமியாவின் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் என்ற இரண்டு ரேடியோ கார்கள் வந்தன. கிராஸ்ஹாப்பரில் சிறிய 380 மோட்டார், ஹார்னெட்டில் பெரிய 540. முகம் வேறாக இருந்தாலும் அடித்தளம் ஒரே குடும்பம். கிராஸ்ஹாப்பர் வாங்கியவன் மறு வாரமே 540க்குக் காசு சேர்க்கத் தொடங்கினான். என் பெயரே அதற்குச் சாட்சி.

---

பதின்மூன்றரை எழுதியது:

எல்லா மன்றத்திலும் எங்களைத்தான் வில்லனாக்குகிறார்கள், இங்கேயுமா?

13.5 ஓட்டுபவர்கள் மழையென்றும் கால்பந்தென்றும் பார்ப்பதில்லை. கம்பளம் விரிக்க முதலில் வருவதும், சுருட்டிவிட்டுக் கடைசியில் போவதும் பெரும்பாலும் நாங்கள்தான். எங்களைத் துரத்திவிட்டு வாடகையை யார் கட்டுவார்கள்?

இன்னொன்று. மலிவு வண்டி மலிவு அல்ல. டி.டி.02 கிட் (நாமே பூட்டிச் சேர்க்க வேண்டிய பெட்டி) 120 முதல் 150 பவுண்டுக்குள் கிடைக்கிறது. பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதில் பேரிங், அதிர்வு தாங்கும் எண்ணெய் டாம்பர், ஆட்டமில்லாத ஸ்டியரிங் செட், அலுமினிய புரொப்பல்லர் ஷாஃப்ட், நீல நிறத்தில் மின்னும் மோட்டார் தாங்கி என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனால், மூன்று மாதத்தில் நானூறு பவுண்டைத் தாண்டிவிடும். கையில் இருப்பது அப்போதும் டி.டி.02தான். அதே பணத்துக்கு இரண்டு வருடம் ஓடிய நல்ல டூரிங் வண்டியை உதிரிபாகங்களோடு என்னிடமே வாங்கலாம்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் மோட்டாருக்குக் கூடுதல் வேகம் தரும் டைமிங் என்ற மென்பொருள் வசதியை அணைத்துவிட்டு, அது அணைந்திருப்பதைக் காட்டும் விளக்கு மின்னும் நிலையில்தான் ஓட்டுகிறோம். அதுவே செலவைக் குறைக்க வந்த விதிதான். அதற்கு முன்பு மென்பொருளுக்காகவே ஆண்டுக்கொரு கருவி வாங்கிய காலம் பலருக்கு மறந்துவிட்டது.

---

கொங்கு ஆர்.சி. எழுதியது:

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சண்டையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஆறு பிரிவா!

இங்கே பொம்மைகளுக்கும் அளவு மாதிரிகளுக்கும் இறக்குமதிச் சுங்கம் 2020 நிதிநிலை அறிக்கையில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. அதற்கு மேல் வரி, அனுப்பும் செலவு. லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்ப ஆயிரம் கட்டுப்பாடு. உங்கள் ஊரில் 130 பவுண்டுக்குக் கிடைக்கும் கிட் இங்கே வந்து சேரும்போது நடுத்தரக் குடும்பத்துப் பையன் தொடக்கூடிய விலையில் இருப்பதில்லை. ஒரு முன் சக்கரத் தாங்கி உடைந்தால் வாரக்கணக்கில் வண்டி பெட்டிக்குள் உறங்கும்.

அதனால் எங்களுக்கு விதி எழுத வேண்டிய அவசியமே வரவில்லை, வறுமையே எழுதிவிட்டது. எங்கள் குழுவில் எல்லாரும் டி.டி.02 மட்டும். ஒருவர் வேறு வண்டி வாங்கினால் தடுப்பதில்லை, ஆனால் அவருக்கு உதிரிபாகம் கிடைக்காது. டாமியாவில் ஒரு சிறு துண்டு உடைந்தாலும் அது ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம் (பல துண்டுகளைத் தாங்கும் தட்டு) முழுவதையும் வாங்க வேண்டும். ஒரு சட்டத்தில் பன்னிரண்டு துண்டு இருந்தால் எனக்குத் தேவை ஒன்று, மற்றது பத்து வருடம் டப்பாவில் கிடக்கும். அதைப் பொதுவாக்கினோம். ஒரு மீன்பிடிப் பெட்டி, அறை அறையாகத் துண்டுகள், மூடியில் கட்டிய ஒரு நோட்டுப் புத்தகம். எடுத்தவர் பெயரையும் துண்டின் எண்ணையும் எழுதி, அந்தத் துண்டுக்குரிய பங்கைப் போடுகிறார். சட்டம் தீர்ந்ததும் அந்தப் பணத்தில் அடுத்த சட்டம்.

பேரிங் விஷயத்தில் ஊர் கைகொடுத்தது. டி.டி.02 கேட்பது ஐந்து, பதினொன்று, நான்கு மில்லிமீட்டர் அளவு. பேரிங் கடையில் எம்.ஆர்.115 என்று கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். பம்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் பேரிங்குக்கா பஞ்சம்? பொம்மைக்கார் பெட்டியில் போட்டு விற்கும்போதுதான் அதற்கு விலை ஏறுகிறது.

எங்களுக்கு அரங்கம் இல்லை. ஒரு ஸ்கேட்டிங் தளத்தில் ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் ஓட்டி முடிக்கிறோம்.

பதின்மூன்றரை அண்ணா, உங்கள் பழைய வண்டியை எங்களுக்கு அனுப்பினால் சுங்கத்துக்கே நாங்கள் நிதி திரட்ட வேண்டும்.

---

ஹாரோ அம்மா எழுதியது:

நான் ஓட்டுவதில்லை. என் மகள் ஓட்டுகிறாள், பன்னிரண்டு வயது. இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் டயர், மோட்டார், பேரிங் என்றே போகிறீர்கள். அரங்கத்துக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நாங்கள் முதலில் போன மன்றத்தில் மேசைகள் எல்லாவற்றிலும் பை வைத்திருந்தார்கள். பைக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் வரவில்லை, ஆனால் மேசை அவர்களுடையது. நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நீட்டிப்புக் கம்பி கொண்டு வரவில்லையா என்று திருப்பிக் கேட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் பரபரப்பாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு மார்ஷல் வேலை. ஓட்டி முடித்தவர் அடுத்த ஹீட்டுக்கு, அதாவது அடுத்த குழுவின் ஓட்டத்துக்கு, மூலையில் நின்று கவிழ்ந்த கார்களை நிமிர்த்த வேண்டும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். மகளுக்கு ஆரஞ்சு மேலங்கியை மாட்டி, கொண்டை ஊசி வளைவில் தனியாக நிறுத்தினார்கள். முதல் சுற்றிலேயே இரண்டு கார்கள் மோதி ஒன்று தலைகீழானது. அவள் பின்னால் வரும் கார்களைப் பார்த்துவிட்டுக் குனிய வேண்டும் அல்லவா? அந்த இரண்டு நொடிக்குள், ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையிலிருந்து ஒருவர் "மார்ஷல்! மார்ஷல்!" என்று அரங்கமே அதிரக் கத்தினார். அவள் பயந்து, காரை எதிர்த்திசையில் வைத்துவிட்டாள். அதற்கும் ஒரு கத்தல். ஐம்பது வயது மனிதர், எட்டு பவுண்டுப் பந்தயம், எதிரில் நிற்பது ஒரு குழந்தை.

வீட்டுக்கு வரும்வரை அவள் பேசவில்லை. அந்த மன்றத்துக்கு மறுபடி போகவில்லை.

இப்போது போகும் இடத்தில் கட்டணம் ஒரு பவுண்டு அதிகம். வாசலில் ஒருவர் பட்டியலோடு நிற்கிறார். புதியவர் என்றால் மேசை வரை கூட்டிப்போய், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அறிமுகம் செய்துவைக்கிறார். குழந்தைகளும் புதியவர்களும் முதல் சில வாரங்கள் ஒரு அனுபவசாலியோடு சேர்ந்துதான் மூலையில் நிற்பார்கள். மேடையிலிருந்து மார்ஷலைத் திட்டினால் ஒலிபெருக்கியில் ஒரு எச்சரிக்கை. அடுத்த முறை ஒரு சுற்று கழிக்கப்படும். கழித்ததை நானே பார்த்தேன், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு. அதன்பின் அரங்கம் அமைதி.

குழந்தைகள் வரும் மன்றம் என்றால் குழந்தைப் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் யார் என்பது சுவரில் எழுதி ஒட்டப்பட வேண்டும். தாய்மார்கள் முதலில் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான். டயர் விதியை அல்ல.

---

பழைய கிராஸ்ஹாப்பர் எழுதியது:

அம்மா, இதற்கு எதிர்வாதம் எதுவும் இல்லை. சுற்றைக் கழிப்பது நல்ல மருந்து. திட்டு வாங்கினால் மரத்துப்போகும், சுற்று போனால் மரத்துப்போகாது.

---

யாழ்ப்பாணத்துக் கணக்கர் எழுதியது:

கடைசி ஹீட் அண்ணை, உங்கள் கணக்கைப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு நட்டம் வருவது கட்டணத்தால் அல்ல, பிரிவுகளின் எண்ணிக்கையால்.

ஒரு ஓட்டம் ஐந்து நிமிடம். கார்களை எடுத்து, அடுத்தவர்கள் மேடையேறி, மார்ஷல்கள் இடத்துக்குப் போக மூன்று நிமிடம். ஆக ஒரு ஓட்டத்துக்கு எட்டு நிமிடம் மண்டபம் செலவாகிறது. அதில் நான்கு கார் ஓடினாலும் எட்டு நிமிடம்தான், பத்து கார் ஓடினாலும் எட்டு நிமிடம்தான்.

ஆறு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று தகுதிச் சுற்று, ஒரு இறுதி. 24 ஓட்டம், 192 நிமிடம். உங்களிடம் இருப்பதோ 180 நிமிடம். எனவே இறுதிப் போட்டிகளை அவசர அவசரமாக ஓட்டி முடிப்பீர்கள், காவலாளி வாசலில் நிற்பார். சரிதானே?

அதே 28 காரை மூன்று பிரிவுக்குள் அடக்குங்கள். ஓட்டத்துக்கு ஒன்பது பத்து கார். நான்கு தகுதிச் சுற்றும் ஒரு இறுதியும் வைத்தாலும் 15 ஓட்டம், 120 நிமிடம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டம் கூடுதலாகக் கிடைக்கிறது. மண்டபத்தை ஒரு மணி நேரம் முன்பே ஒப்படைக்கலாம். நாலரை மணிக்குப் பதில் மூன்றரை மணி நேர வாடகை 157 பவுண்டு 50 பென்ஸ். இருபது பேர் மட்டும் வந்தாலும் எட்டு பவுண்டுப்படி 160 வருகிறது. கட்டணம் கூடாமலே கணக்கு ஒத்துப்போகிறது.

ரயர், பற்றறி எல்லாம் ஓட்டுபவரின் செலவு. மண்டப நேரம் மன்றத்தின் செலவு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் விடை வராது.

---

பதின்மூன்றரை எழுதியது:

கணக்கு காகிதத்தில் நன்றாக இருக்கிறது. பள்ளி அரங்கில் பத்து கார்களை, அதுவும் பாதிப் பேர் புதியவர்களாக, ஒரே ஓட்டத்தில் விட்டுப் பாருங்கள். முதல் வளைவிலேயே கார் குவியல். ஒரு புதியவரின் காரில் முன் சக்கரத்தைத் தாங்கும் கை உடைந்தால் அந்த மாலை அவருக்கு முடிந்தது. அதுவும் செலவுதானே?

ஹீட்டுகளை முதல் தகுதிச் சுற்றின் நேரத்தை வைத்துத் தரம் பிரிக்க வேண்டும். வேகமானவர்கள் ஒன்றாக, மெதுவானவர்கள் ஒன்றாக. மெதுவான ஹீட்டில் ஆறேழு கார்களுக்கு மேல் கூடாது. ஒரு சுற்று முந்திய கார் பின்னால் வந்தால் வழிவிட வேண்டும் என்ற விதியையும் அந்த ஹீட்டில் எடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கியில் தன் எண்ணைச் சொன்னதும் புதியவர் பதறிப்போய் நடுத்தடத்தில் நின்றுவிடுவார். தன் கோட்டிலேயே போகச் சொல்லுங்கள், முந்துகிறவர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்வார்.

---

யாழ்ப்பாணத்துக் கணக்கர் எழுதியது:

நியாயம். அப்படியானால் ரி.ரி.02 பிரிவை மட்டும் இரண்டு ஹீட்டாகப் பிரியுங்கள். நான்கு ஹீட், மூன்று தகுதிச் சுற்று, ஒரு இறுதி: 16 ஓட்டம், 128 நிமிடம். இப்போது கிடைக்கும் அதே எண்ணிக்கை ஓட்டம், அவசரம் இல்லாமல். ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் மிச்சம். பள்ளிக்கூடம் அரை மணிக் கணக்கில் வாடகை வாங்குமா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

---

சிராங்கூன் மினி எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் நாங்கள் நண்பர்கள் சிலர் கியோஷோ மினி-இசட் ஓட்டுகிறோம். 1999இல் வந்த வகை. உள்ளங்கையில் அடங்கும் கார், நான்கு சிறிய மூன்று-ஏ பேட்டரி. ஒன்றோடொன்று கோக்கும் நுரைத் தகடுகள்தான் தடம். பெரிய அரங்கம் வேண்டாம், சமூக மன்றத்தில் ஒரு அறை போதும். கம்பளம் இல்லை, சால்டரிங் இல்லை, லிப்போ என்ற லித்தியம் பேட்டரியைத் தீப்பிடிக்காத பைக்குள் வைத்து 8.4 வோல்ட்டுக்கு மேல் போகிறதா என்று காவல் காக்கும் வேலையும் இல்லை. சுற்று எண்ண அகச்சிவப்புக் கருவி.

மலிவா என்றால், தொடக்கம் மலிவு. பிறகு அலுமினியத் திருகாணி வரை விற்பார்கள். அந்த நோய் எங்களிடமும் உண்டு.

சுற்று எண்ணும் கருவி என்றதும் நினைவுக்கு வந்தது. உங்கள் மன்றங்களில் டிரான்ஸ்பாண்டர், அதாவது சுற்றை எண்ணக் காரில் வைக்கும் கருவி, யார் வாங்குவது? கட்டாயம் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்றால் அதுவே புதியவருக்கு ஒரு சுவர்.

---

கடைசி ஹீட் எழுதியது:

சொந்தமாக வாங்கினால் எண்பது தொண்ணூறு பவுண்டு. எங்களிடம் இரவல் கொடுக்கும் டிரான்ஸ்பாண்டர்கள் ஒரு பெட்டி இருக்கிறது, அதனால் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தடத்துக்கு அடியில் ஓடும் கம்பி வளையமும் அதைப் படிக்கும் டிகோடரும்தான் மன்றத்தின் விலைமதிப்புள்ள சொத்து. அது பழுதானால் என்ன செய்வது என்று எனக்கு இரவில் கனவு வருகிறது.

பிரிவுகளைக் குறைப்பதில் ஒரு சிக்கல். ஜி.டி.12 ஓட்டும் நால்வரும் இந்த மன்றத்தைத் தொடங்கியவர்கள். லெஸ்டர் நகரின் மார்டேவ் நிறுவனக் கார்களை ஓட்டிய காலத்திலிருந்து வருகிறவர்கள். அந்தக் கார்களின் வழியில் வந்ததுதான் இன்றைய ஜி.டி.12. டெலிவிஷன் பெட்டிபோல் கனமான கணினியில் சுற்றுகளைத் தட்டிய காலத்திலும் அவர்கள் இருந்தார்கள். 'உங்கள் பிரிவு இனி இல்லை' என்று அவர்களிடம் போய்ச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. உங்களில் யாருக்காவது உண்டா?

---

பழைய கிராஸ்ஹாப்பர் எழுதியது:

சொல்ல வேண்டாம். மாதத்தின் முதல் வெள்ளி ஜி.டி.12க்கும் எஃப்1க்கும். மற்ற வெள்ளிகளில் அவர்களுக்கு மினி ஓட்டக் கை நமைக்கும் பாருங்கள். மினியில் முன் பின் சக்கர இடைவெளி சின்னது, முன்சக்கர இயக்கம் என்றால் வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் வழுக்கும். நாற்பது வருட அனுபவசாலியும் பதினான்கு வயதுப் பையனும் கதவோடு கதவு உரசி ஓடுவதை அந்தப் பிரிவில்தான் பார்க்கலாம்.

பதின்மூன்றரை சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டி.டி.02இல் கூடுதல் பாகங்களைத் தாராளமாக அனுமதித்தால் அது பணம் விழுங்கும். ஆகவே விதியை எழுதும் விதத்தை மாற்றுங்கள். 'இது கூடாது, அது கூடாது' என்று பட்டியல் போட்டால் பட்டியலில் இல்லாத ஒன்றை யாராவது ஞாயிற்றுக்கிழமை இரவு இணையத்தில் கண்டுபிடிப்பார். அனுமதித்ததை மட்டும் எழுதுங்கள்: பேரிங், எண்ணெய் டாம்பர், ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ எதுவானாலும் சரி, டிஃபரன்ஷியலுக்குள் கெட்டிக் கிரீஸ். முடிந்தது. இதில் இல்லாதது எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. ஒரு பக்கத்துக்கு மேல் போகும் விதிப் புத்தகத்தைப் புதியவர் படிக்கமாட்டார், பழையவர் ஓட்டை தேடுவதற்கு மட்டும் படிப்பார்.

அமெரிக்காவில் வின்டேஜ் டிரான்ஸ்-ஆம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 25.5 மோட்டார், ஒரே டயர், 1972 வரையிலான அமெரிக்கக் கார்களின் உருவம். வண்டியை அழகாக வண்ணம் தீட்டி வருவதற்கே மரியாதை. வேகம் குறைந்தால் சலிப்பு வரும் என்பார்கள். அந்தப் பிரிவில் ஆள் குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னும் ஒரு ஆயுதம் உண்டு. அங்கே நிஜக் கார்களின் மண்தட ஓட்டங்களில் வென்றவரின் எஞ்சினை முன்பே நிர்ணயித்த விலைக்கு யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்ற விதி சில இடங்களில் உண்டு. நம் வெள்ளி மோட்டாருக்கும் வைக்கலாம். இருபது பவுண்டு கொடுத்தால் வென்றவர் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தே ஆக வேண்டும். பத்தில் ஒன்றைப் பொறுக்கும் வேலை அன்றோடு நிற்கும்.

---

கொங்கு ஆர்.சி. எழுதியது:

ஐயா, அந்தக் கடைசி விதி மட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவன் வென்றவுடன் அவன் மோட்டாரைக் கேட்டால் அது விதியாகத் தெரியாது, அவமானமாகத் தெரியும். அடுத்த வாரம் இருவருமே வரமாட்டார்கள். குலுக்கல் போதும்.

---

பழைய கிராஸ்ஹாப்பர் எழுதியது:

அவமானமா? என் மோட்டாரைக் கேட்டால் நான் பெருமைப்படுவேன் தம்பி. ஊருக்கு ஊர் மனம் வேறு. விட்டுவிடுகிறேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

---

ஹாரோ அம்மா எழுதியது:

இரவல் கார் பற்றி யாரும் சொல்லவில்லையே? சுவரோரம் நின்று பார்ப்பவர் கையில் ரிமோட்டைக் கொடுத்தால்தானே அவருக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரியும்? எங்கள் மன்றத்தில் இரண்டு டி.டி.02 எப்போதும் சார்ஜ் ஏறித் தயாராக இருக்கும். பாடி முழுக்கக் கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கும், உடைத்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். முதல் மாலை கட்டணம் இல்லை. ரிமோட்டில் அதிகபட்ச வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருப்பார்கள். ஓட்டப் பழகியதும் கூட்டுவார்கள். என் மகள் அந்தக் காரில்தான் தொடங்கினாள். பிறகு நாங்கள் வாங்கியதும் அதையேதான், ரேடியோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 250 பவுண்டுக்குள்.

விலை கேட்டு வருபவருக்கு யார் பதில் சொல்கிறார் என்பதையும் ஒழுங்கு செய்யுங்கள். ஐந்நூறு பவுண்டுச் சேஸிஸ்காரரிடம் கேட்டால் அவர் ஐந்நூறு என்றுதான் சொல்வார்.

---

பதின்மூன்றரை எழுதியது:

இது என்னைத்தான். சரி, இனி யாராவது கேட்டால் வாசலில் நிற்பவரிடம் அனுப்புகிறேன்.

இரவல் காருக்கு என்னிடம் பயன்படுத்தாத பேட்டரி இரண்டும் ஒரு சார்ஜரும் இருக்கின்றன. கடைசி ஹீட்டின் மன்றம் எனக்கு ஒரு மணி நேரத் தூரம்தான் என்று நினைக்கிறேன், கொண்டு வந்து தருகிறேன். ஆனால் என் பிரிவை 17.5ஓடு சேர்க்க முடியாது. நேர்ப்பாதையில் வேக வித்தியாசம் அதிகம், விபத்து வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுப்பதை வாக்கெடுப்பில் வையுங்கள். தோற்றால் 17.5 மோட்டார் வாங்கிக்கொள்கிறேன். அந்த வண்டியே போதும், மோட்டார்தானே.

---

கடைசி ஹீட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பொதுக்குழுவுக்குக் கொண்டு போகப் போவதை எழுதுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

வாராவாரம் மூன்று பிரிவு: டி.டி.02 இரண்டு ஹீட்டாக, மினி, டூரிங். டூரிங்கில் 13.5ஆ 17.5ஆ என்பது வாக்கெடுப்பு. முதல் வெள்ளி ஜி.டி.12, எஃப்1. கட்டணம் எட்டு பவுண்டிலேயே நிற்கும், முதல் மாலை இலவசம். டி.டி.02க்கும் மினிக்கும் பருவத்துக்கு ஒரு செட் குறியிட்ட டயர், மன்றமே மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கும். உதிரிபாகப் பெட்டியும் நோட்டும் கோயம்புத்தூர் முறையில். மார்ஷலைத் திட்டினால் ஒரு சுற்று கழியும். மேசையில் பை போட்டு இடம் பிடிப்பது கிடையாது. வாசலில் வாரம் ஒருவர் முறைவைத்து நிற்பார், முதல் வாரம் நான்.

பள்ளியில் விசாரித்தேன், அரை மணிக் கணக்கு உண்டு. நான்கு மணி நேரம் என்றால் 180 பவுண்டு. இருபது பேர் வரும் மாலையில் 20 பவுண்டு துண்டு விழுகிறது. 28 பேர் வந்தால் 44 மிஞ்சுகிறது. ஆள் குறைவான மாலைகளில் தகுதிச் சுற்றைக் குறைத்து மூன்றரை மணியில் முடிக்கலாம் என்று கணக்கர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். பெரிய டிராபி எதுவும் இல்லை. அந்தப் பணம் டிகோடர் நிதிக்கு.

வெள்ளி மோட்டார் குலுக்கல் இறுதி நாளில் மட்டும்.

விட்டுப்போனது பினியன், மோட்டாரில் மாட்டும் சிறு பற்சக்கரம். பெட்டியில் வருவது 22 பல். அனைவருக்கும் அதுவேயா?

---

பதின்மூன்றரை எழுதியது:

22 பல்லுக்கு, அது சுழற்றும் ஸ்பர் என்ற பெரிய பற்சக்கரம் 70 பல் என்றால், வண்டிக்குள் இருக்கும் மற்றப் பற்சக்கரங்களையும் சேர்த்து விகிதம் 8.27. உங்கள் அரங்கின் நேர்ப்பாதைக்கு வண்டி பாதியிலேயே உச்ச வேகத்தைத் தொட்டு அலறிக்கொண்டே போகும். 25 போட்டால் 7.28. 25 என்று எழுதுங்கள்.

---

கொங்கு ஆர்.சி. எழுதியது:

பெட்டியில் இருப்பது 22. அதை மாற்றச் சொன்னால் புதியவர் முதல் நாளே ஒரு பினியன் வாங்க வேண்டும்.

---

பதின்மூன்றரை எழுதியது:

நான்கு பவுண்டு ஐயா அது.

---

ஹாரோ அம்மா எழுதியது:

நான்கு பவுண்டில்தானே இந்த இழையே தொடங்கியது. மன்றமே வாங்கி உதிரிபாகப் பெட்டியில் போடுங்கள், வண்டி கட்டும்போது எடுத்துக்கொள்ளட்டும்.

---

கடைசி ஹீட் எழுதியது:

25. பெட்டியில் பன்னிரண்டு வாங்கிப் போடுகிறேன். நோட்டில் எழுதாமல் எடுப்பவருக்கும் ஒரு சுற்று கழியும்.